புல் எந்தப் பக்கம் விழ வேண்டும்?



பிள்ளையார்பாளையம் என்றதும் பட்டுத் தறியும், தெருவில் நீளமாகப் பிடிக்கும் பாவும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் காஞ்சிபுரத்துத் தெருக்களைத் தாண்டிப் போனால் நெல் வயலும், தென்னந்தோப்பும், மாந்தோப்பும் இருக்கின்றன. இங்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ஆள் வைத்து அரிவாளால் அறுக்கலாம் என்றால் ஆளும் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுபடியாவதில்லை. அதனால் மினி டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் அதன் பின்னால் மாட்டுகிற புல்வெட்டும் இயந்திரத்தை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்லாஷர் என்று கடையில் சொல்வார்கள்.

அதிலே இரண்டு வகை உண்டு. வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளுவது ஒன்று, பின்பக்கம் தள்ளுவது இன்னொன்று. எதை வாங்கலாம்? விலையைக் கேட்கிறதுக்கு முன்னாலே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டின புல் எங்கே விழ வேண்டும்? அது விழுகிற பக்கத்திலே யார் இருப்பார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் இயந்திரம் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி ஒரு இரும்பு மூடி. அதற்குள்ளே பிளேடு சுழல்கிறது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். கியர் பெட்டி அதை இன்னும் வேகமாக்கிப் பிளேடுக்குக் கொடுக்கும். சுமார் இரட்டிப்பு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 அடி விட்டத்தில் சுழலும் பிளேடின் நுனி மணிக்கு 240 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். அந்த வேகத்தில் வெட்டுப்பட்ட புல் மூடியின் திறப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வெளியே பாயும். புல் மட்டுமா? அதில் கிடக்கிற கல்லும், உடைந்த பாட்டிலும், கம்பித் துண்டும் சேர்ந்தே பாயும்.

பக்கவாட்டில் தள்ளும் வகையில் திறப்பு பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். புல் உள்ளே தங்காமல் உடனே வெளியேறிவிடுவதால், உயரமான புல்லிலும் சற்று ஈரமான புல்லிலும் அடைப்பு குறைவு. எஞ்சினுக்குச் சுமையும் குறைவு. புல் ஒரே வரிசையாக ஓரத்தில் விழும். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய லாபம். இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே போகும்போது புல் வலப்பக்க வரிசைக்குப் போகும். திரும்பி வரும்போது அடுத்த வரிசைக்குப் போகும். தென்னைக்கு 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கிறோம் அல்லவா? அந்தப் பாத்திக்கு வேண்டிய மூடாக்கு வேலையோடு வேலையாகக் கிடைத்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஈரம் காக்கும், பிறகு மக்கி உரமாகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பழத்தோட்டங்களில் இப்படிப் புல்லை மரத்தடிக்கே வீசுகிற இயந்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: புல் அடிமரத்தை ஒட்டிக் குவியாமல் ஒரு சாண் விலக்கி விடுங்கள்.

பின்பக்கம் தள்ளும் வகையில் புல் மூடிக்குள்ளேயே கொஞ்ச நேரம் சுழன்று, பின்னால் பரவலாக விழுகிறது. வரிசையாகக் குவியாது. இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் மரத்தை ஒட்டியும், வேலியை ஒட்டியும், சுவரை ஒட்டியும் எந்தப் பக்கமாகவும் போகலாம். பக்கத்து நிலத்திலோ கால்வாயிலோ புல் போய் விழாது. ஆனால் இதற்கு எஞ்சின் பலம் சற்றுக் கூடுதலாக வேண்டும். புல் ஈரமாகவும் உயரமாகவும் இருந்தால் கட்டி கட்டியாக விழும், உள்ளே அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் முதல் தடவை உயர்த்தி வெட்டி, இரண்டாம் தடவை தாழ்த்தி வெட்டுங்கள். பனி காய்ந்த பிறகு இறங்குங்கள்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். பரந்த தோப்பு, சுற்றிலும் வீடில்லை, மூடாக்கு வேண்டும் என்றால் பக்கவாட்டு வகை நல்லது. வீடுகளுக்கு நடுவே உள்ள மனை, ரோட்டோர நிலம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டம் என்றால் பின்பக்க வகையே நல்லது. பிள்ளையார்பாளையத்தில் கைலாசநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் கட்டியது. மணற்கல் சிற்பங்கள். முன்னால் புல்தரை. அது மாதிரி இடத்தில் பக்கவாட்டில் கல்லை வீசுகிற இயந்திரம் நுழையலாமா? அதேதான் தெருவில் பாவு பிடித்திருக்கிற இடத்துக்கும். ஒரு கல் பறந்தால் அறுந்துபோவது நூல் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவரின் கண்ணும் போய்விடும்.

பக்கவாட்டு வகைக்கு ஓட்டும் முறையும் உண்டு. திறப்பு வலப்பக்கம் என்றால், முதல் இரண்டு சுற்றைக் கோயில் பிரதட்சணம் போல வலமாகச் சுற்றுங்கள். அப்போது புல்லும் கல்லும் நிலத்தின் உள்பக்கம் விழும், வேலிக்கு வெளியே போகாது. பிறகு திருப்பி, இடமாகச் சுற்றுங்கள். அப்போது புல் ஏற்கெனவே வெட்டின தரையில் விழும். வெட்டாத புல் மேல் விழுந்து மறுபடியும் பிளேடில் சிக்காது. மரத்தை ஒட்டி வெட்டும்போது திறப்பு இல்லாத இடப்பக்கத்தை மரத்தோரமாக விடுங்கள்.

மாட்டுக்குப் புல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இயந்திரம் புல்லைத் துண்டாடி மண்ணும் தூசியும் கலந்து போடும். கோ-4 மாதிரி தீவனப் புல்லுக்கு இது ஏற்றதல்ல. கத்தரி மாதிரி அடியோடு அறுக்கிற கட்டர் பார் இயந்திரமோ, அரிவாளோதான் சரி. பார்த்தீனியம் உள்ள இடத்தில் பூக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். விதை பிடித்த பிறகு வெட்டினால் நீங்களே நிலமெல்லாம் விதைத்த மாதிரி ஆகும்.

அளவு பார்க்கும்போது, வெட்டும் அகலத்தில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 24 குதிரைத்திறன் உள்ள மினி டிராக்டருக்கு மூன்றரை அடி முதல் நான்கரை அடி வரை பொருந்தும். பெரிசு வாங்கினால் டிராக்டர் திணறும். பின் சக்கரங்களின் வெளி அகலத்தை விடச் சிறிசு வாங்கினாலோ, சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் நிற்கும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கல் 300 அடி தாண்டியும் பறக்கக்கூடும். பின்பக்க வகை என்பதால் பின்னால் நடந்து வரலாம் என்று நினைக்காதீர்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வண்டிக்குப் பின்னாலேயே கூடையோடு வந்து புல் அள்ளுகிற பெண்களை அனுமதிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, பிளேடு அசைவு நின்ற பிறகு அள்ளட்டும். பின்னால் தொங்குகிற சங்கிலித் தடுப்பையும், பக்கத்தில் இருக்கிற மடக்குத் தகட்டையும் இடைஞ்சல் என்று கழற்றிவிட வேண்டாம். பி.டி.ஓ. தண்டு ஒரு விநாடியில் 9 சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனியோ, தோளில் கிடக்கும் துண்டோ அதில் பட்டால் கை எடுக்க நேரம் இருக்காது. அதன் மேல்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. அடைப்பு எடுப்பதானால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் புல்லிலேயே ஓட்டிப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் எந்த இயந்திரம் வாடகைக்கு இருக்கிறது, எதற்கு மானியம் உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து ஊரில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய தோப்பு வேறு, உங்கள் நிலம் வேறு. புல் விழுகிற பக்கத்தை முதலில் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.