நிற்கும்போதா, ஓடும்போதா?

கரையான்சாவடிக்கு நூறடி முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, எனக்கு முன்னால் இருந்த லாரி நகரவில்லை, அவ்வளவுதான். 2023 மே மாதம், கத்திரி வெயில். மெட்ரோ வேலைக்காகப் பூந்தமல்லி சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஏ.சி.யில் முதலில் குளிர் போய் வெறும் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடுப்படிக் காற்றாக மாறியது. எப்போதும் பாதிக்குக் கீழே படுத்திருக்கும் டெம்பரேச்சர் முள், முக்காலைத் தாண்டிச் சிவப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மெக்கானிக் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தவள். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால், எதனால் என்று நாங்கள் முதலில் கேட்க மாட்டோம். எப்போதிலிருந்து என்றுதான் கேட்போம். காலை ஷிப்டிலேயே இப்படியா, டூல் மாற்றிய பிறகா? அந்தப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் காரணம் தானாகக் கழிந்துபோகும். அன்று நடுரோட்டில் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன். மே மாதத்தில் ஹீட்டரா என்று சிரிக்கலாம். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை நம் முகத்தில் ஊதிவிடும். வியர்வையில் புடவை ஒட்டிக்கொண்டது, ஆனால் முள் ஒரு மயிரிழை இறங்கியது. இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கினேன். பஞ்சர் கடையிலிருந்து ஒரு தம்பி கையில் துணியோடு ஓடி வந்தான். "மூடியத் தொறந்து தண்ணி ஊத்துனா சரியாயிடும்க்கா."

"கை வைக்காதப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நாலடி பின்வாங்கினான். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட்டைப் போன்றது. உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் நூற்றிருபது வரை கொதிக்காமல் கிடக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையில் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. முக்கால் மணி நேரமாவது ஆகும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. வார்ப்பு வெடித்துவிட்டால் அந்தச் செலவு வேறு கதை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் மேடம், எறக்கிப் பாத்துடலாம்" என்றார்கள். பதினெட்டாயிரம் ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் வீடு திருமுல்லைவாயலில். எதிர்வீட்டு அண்ணன் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1961-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கு அங்கிருந்துதான் வெளியே வந்தது. முப்பத்தொன்பது டன் இரும்பு. அதைத் தள்ளுகிற எஞ்சினின் சூட்டை வெளியேற்றுவதே பெரும் பாடு என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். என் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"நிக்கும்போது ஏறுதாம்மா, ஓடும்போது ஏறுதா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மேஜைக் கேள்வி அல்லவா அது! பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்க்குப்பம் வரை முள் அசையவில்லை. நெரிசலில் நின்ற பிறகுதான் ஏறியது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகவே நிற்கும்போது மட்டும் சூடானால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். மாறாக, சிக்னலில் சமர்த்தாக இருந்துவிட்டு பைபாஸில் எண்பதில் போகும்போது சூடானால், ரேடியேட்டர் அடைப்பு, கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இன்னொரு தடயம் கண்முன்னாலேயே இருந்திருக்கிறது. ஏ.சி.யின் கண்டென்சரும் அதே ஃபேன் காற்றை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக ஓடும்போது குளிரும், நின்றால் குளிராது. கேஸ் குறைந்துவிட்டது என்று ஒரு கடையில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து கேஸ் ஏற்றியிருந்தேன். இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆரம்பித்தோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்; ஃபேன் எந்த நொடியிலும் சுற்றலாம். எஞ்சினை ஓட்டி ஏ.சி.யைப் போட்டோம். ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேன் பிளக்கைக் கழற்றி, இரண்டு ஒயரில் பேட்டரியோடு நேராகக் கொடுத்தார் அண்ணன். 'விர்ர்' என்று சுற்றியது. மோட்டார் மேல் பழி இல்லை. மிச்சம் ரிலே. என் வண்டியில் ஹார்னுக்கும் ஃபேனுக்கும் ஒரே நம்பர் ரிலே. தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்பு டப்பா. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் ஃபேன் ஓடியது, ஹார்ன் ஊமையானது. பதினெட்டாயிரம் என்றார்களே, அந்த வியாதியின் விலை பாடியில் ஒரு கடையில் இருநூற்று இருபது ரூபாய்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆறியிருந்த மூடியைத் திறந்து உள்ளே பார்த்த அண்ணன், "இது கூலண்டா, டீயா?" என்றார். தப்பு என்னுடையது. மட்டம் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருந்தேன். பக்கெட்டில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டுகிற அதே தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? உப்புப் படிவம் சூட்டைக் கடத்தாது. இந்த ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அதன் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்.

அடித் திருகைத் திறந்து பழையதைப் பிளாஸ்டிக் டப்பில் பிடித்தோம். தெருவில் விடாதீர்கள், அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். தெர்மோஸ்டாட்டையும் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு. சூட்டில் உருகி விரியும்போது வால்வைத் தள்ளித் திறக்கும். மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் இது மூடியபடி சிக்கியிருக்கலாம். என் சந்தேகம் இதன் மேல் இல்லை, ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. விளிம்பில் 82 என்று அடித்திருந்தது. சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பருகே நின்றேன். எண்பத்திரண்டைத் தொட்டதும் குருவிக் குஞ்சு போல மெல்ல வாய் பிளந்தது. பாஸ்!

டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, புது கூலண்ட் ஊற்றி மூடி, ஜம்பமாக ஒரு ரவுண்டு போனேன். முள் மறுபடி ஏறியது! அண்ணன் சிரித்தார். உள்ளே காற்று மாட்டியிருந்தது. ஆறிய பிறகு மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுக்கத் திருப்பி, 'குபுக் குபுக்' என்று குமிழி வர வர ஊற்றினோம். கால்மணி நேரத்தில் குமிழி நின்றது.

குமிழி நிற்காமலே வந்துகொண்டிருந்தால், ஆயில் மூடிக்கு அடியில் பால் விட்ட காப்பி நிறத்தில் நுரை இருந்தால், சைலென்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால், அப்போது அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான். ஹெட்டை இறக்கி, ஃபேசிங் போட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு அதே வழியாகப் பூந்தமல்லிக்குப் போனேன். கரையான்சாவடியில் அதே நெரிசல். ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். 'டக்' என்று ரிலே விழுந்தது, ஃபேன் இரைந்தது, ஒரு நிமிஷத்தில் ஓய்ந்தது, மறுபடி இரைந்தது. உதிரி ரிலே ஒன்று இப்போதும் என் கைப்பையில் சில்லறைகளோடு கிடக்கிறது.