முதிய மகிழுந்துக்கு விறைப்பூட்டுதல்

பழைய மகிழுந்து ஒன்றின் ஒரு முன்சக்கரத்தை மட்டும் நடைபாதை விளிம்பின்மீது ஏற்றி நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு சட்டத்தில் உரசினாலோ, பூட்டில் பொருந்தாவிட்டாலோ, வண்டியின் உடல் முறுக்கிக்கொள்கிறது என்று அறியலாம். மேற்பூச்சு பளபளப்பாக இருப்பின் உரிமையாளருக்கு ஐயமே எழாது. ஆயினும் மோதல் நேருங்கால், அமர்ந்திருப்போரைச் சுற்றியுள்ள கூடு எளிதில் மடங்கக்கூடும். ஆதலின் இப்பொருள் பழம்பொருள் விரும்பிகளுக்கு மட்டும் உரியதன்று.

இதற்கு மருந்தாகப் பலரும் முதலில் கேட்பது தடித்த தகடு. மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டையை அருகில் கொண்ட நமக்குத் தகடும் பற்றவைப்போரும் கிடைப்பது அரிதன்று. பிழையும் அதனால் எளிதாகிறது. வலிமை வேறு, விறைப்பு வேறு. எவ்வளவு சுமையில் முறியும் என்பது வலிமை. சுமை ஏறும்போது எவ்வளவு வளையும் என்பது விறைப்பைப் பொறுத்தது. உயர்வகை எஃகு, சாதாரண எஃகைவிடப் பன்மடங்கு வலிமையுடையதாக இருக்கலாம். ஆனால் இரண்டின் மீள்மைக் குணகமும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலே. விலையுயர்ந்த எஃகை அதே வடிவில் அமைத்தால் விறைப்பு கூடுவதில்லை. வடிவமே இங்குத் தலைமை வகிக்கிறது.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். தடித்த தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை நன்கு ஒட்டி முறுக்குக, எளிதில் இணங்காது. நெடுக ஒரு வெட்டு வெட்டியபின் முறுக்குக, துவண்டுவிடும். 25 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. சுவர்த்தடிப்பும் உடைய எஃகுக் குழாயில், மூடிய குழாயின் முறுக்க விறைப்பு பிளந்த குழாயினதைப்போல் 1875 மடங்காகும். ஆரத்தைத் தடிப்பால் வகுத்து, வந்ததன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். எடை குறையவில்லை, ஒரு கோட்டு வெட்டே அத்தனையையும் பறித்துவிட்டது.

துரு செய்வதும் இவ்வெட்டைத்தான். 1950களிலும் 60களிலும் மலாயாச் சாலைகளில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டி 1948இல் வெளிவந்தது. அதற்குத் தனிச் சட்டம் இல்லை; தரை, கூரை, பக்கத் தகடுகள் ஆகியன இணைந்து ஒரே கூடாகச் சுமையைத் தாங்குகின்றன. (சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தனிச் சட்டத்தின்மீது உடலைத் திருகாணிகளால் பொருத்திய வண்டி. 'அடிச்சட்டம்' என்னும் நம் கலைச்சொல் ஹெரால்டுக்குப் பொருந்தும். மைனருக்கு முழுமையாகப் பொருந்தாது.) மைனரின் இரு கதவடிகளிலும் பெட்டி வடிவில் ஓடும் பகுதியே அக்கூட்டின் முதுகெலும்பு. மழைநீரும் சேறும் உள்ளே தங்க, அடித்தையல் அரித்துப் பெட்டி வாய்பிளக்கிறது. அரிப்பு முழுநீளமும் பரவாதவரை இழப்பு மேற்சொன்ன அளவுக்குப் போகாதெனினும், போகும் திசை அதுவே.

இவ்வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று, முறுக்குத்தண்டு. அதன் பின்முனை, தரையின் கீழுள்ள குறுக்குச்சட்டத்தில் நங்கூரமிடப்பட்டுள்ளது. முறுக்குவதற்கென்றே ஒரு தண்டு. முறுக்காதிருப்பதற்கென்று ஓர் உடல். உடலும் முறுக்கத் தொடங்கினால், அதிர்வுத்தணிப்பான் இல்லாத மற்றொரு வில் சேர்ந்தது போலாகி, வண்டி எத்திசையில் திரும்பும் என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகப் புலப்படாது.

கூரையை நீக்கிய திறந்தவகை மைனரில் இடர் இன்னும் மிகுதி. கூரையும் கூட்டின் ஓர் உறுப்பு; அதனை இழந்தபின் கதவடிப் பெட்டிகளே பெரும்பாரத்தை ஏற்கின்றன. ஆகவே அவ்வகைக்கு உற்பத்தியாளரே கூடுதல் வலுவூட்டுத் தகடுகளை அமைத்தனர். சாதாரண மைனரின் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்க முனைவோர், அத்தகடுகளையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும். பின்புறம் மரச்சட்டம் கொண்ட டிராவலர் வகையிலும் மரம் வெறும் அணிகலன் அன்று. சுமை தாங்கும் உறுப்பு. அது உளுத்தால் மெருகெண்ணெய் பூசிப் பயனில்லை.

சீரமைப்பின் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி, மின்கலத் தொடர்பைத் துண்டித்தபின், வண்டியைச் சமதளத்தில் அதன் சக்கரங்களின்மீதே நிறுத்த வேண்டும். நடுவில் முட்டுக்கொடுத்துத் தூக்கினால் உடல் தொய்ந்துவிடும். கதவு இடைவெளிகளை அளந்து குறித்தபின், கதவு வாயிலின் குறுக்கே தற்காலிகச் சட்டம் பற்றவைத்து, ஒருபக்கப் பெட்டியை மட்டும் அறுக்க வேண்டும். அழுகிய பகுதியை நல்ல உலோகம் தென்படும்வரை நீக்கி, மூலத் தடிப்பை ஒத்த தகட்டால் பெட்டியை முழுதும் மூடுதல் முறை. துருவின்மேல் தகட்டை ஒட்டினால் இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கும். ஒரு மூலையில் மட்டும் மிகத் தடித்த தகட்டை வைப்பின், நெளிவெல்லாம் அதன் விளிம்பில் குவிந்து அங்கே விரிசல் தோன்றும்.

மறுபக்கத்தைத் தொடுமுன் கதவை மீண்டும் மூடிப் பார்த்து, இடைவெளிகள் குறித்த அளவிலேயே உள்ளனவா என்று அளக்க வேண்டும். இறுதியாகப் பெட்டியினுள் மெழுகு தெளிக்கலாம். அடியிலுள்ள நீர்வடி துளைகளை, கசிவென்று கருதி, அடைத்துவிடலாகாது.