பந்து யார் காலில்?

கொழும்பு 12, புதுக்கடையில் பேச்சுக்குத்தான் காசு. உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் ஒரே சுற்றாடலில் இருக்கிற இடம் அது. ஆனால் அதே கொழும்பு 12இல் பந்தைத் தூக்கிக்கொண்டு திரிகிற பொடியன்களுக்கும் என்றுமே குறைவில்லை. 1884இல் தொடங்கிய ஹமீத் அல் ஹுஸைனி கல்லூரியும், கொட்டாஞ்சேனையின் புனித பெனடிக்ற் கல்லூரியும் உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போனவை. இந்தப் பக்கங்களில் ஆடி வளர்ந்தவர்களில் சிலர், கால் தளரத் தொடங்கியதும் தேடுவது பயிற்றுநர் வேலை. தனியார் பாடசாலைகளிலும் வார இறுதி அக்கடமிகளிலும் அதற்கு இரண்டு பரீட்சை இருக்கலாம். ஒன்று மேசைக்கு முன்னால், மற்றது மைதானத்தில்.

வழுக்குவது இரண்டாவதில்தான். முன்பின் தெரியாத பிள்ளைகள், நான்கைந்து பந்து, கொஞ்சம் கோன். "இருபது நிமிஷம் பாஸிங் செஷன் ஒண்டு எடுங்க" என்பார்கள். ஓரத்தில் இரண்டு பேர் தாளும் பேனையுமாக நிற்பார்கள். வந்தவர் அந்த இருவருக்காகப் பேச ஆரம்பிப்பார். உள்பாதம் எப்படித் திரும்ப வேண்டும், ஊன்றும் கால் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்ததெல்லாம் வெளியே வரும். ஆறு நிமிடம் போயிருக்கும். பதினொரு வயதுப் பிள்ளை அதற்குள் கோனை உதைக்கத் தொடங்கியிருக்கும். வழக்காடு மன்றத்தில் எடுபடுகிற திறமை இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு 15 விநாடி என்று வைத்தால், 10 நிமிடத்தில் 40 முறைதான் பந்து நகரும். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை, சிலருக்கு நான்கு. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகு. அதே பிள்ளைகளை மும்மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தால் ஆளுக்கு 13 தடவை வரும். தேர்வாளர் இடத்தில் நான் நின்றால் முதலில் தாளில் எழுதுவது இதைத்தான். விசில் சத்தமும் ட்ராக்சூட்டும் பிறகு.

நன்றாக ஆடியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. தானே பந்தை எடுத்து இரண்டு பேரை வெட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், உண்மைதான். அதில் அவர்கள் கற்றது ஒன்றுமில்லை. 1982இல் இங்கிலாந்தின் லஃபரோவில் டேவிட் பங்கரும் ரொட் தோர்ப்பும் முன்வைத்த முறை வேறு வழி காட்டியது: நுட்பத்தைத் தனியே பயிற்றிவிட்டு ஆட்டத்துக்குப் போகாமல், முதலில் சிறு ஆட்டம் ஒன்றுக்குள் இறக்கிவிடு, எப்போது, ஏன் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைக்கே கேள்வி எழட்டும். நாலு பேர் சுற்றி நின்று பந்தைக் கைமாற்ற, இரண்டு பேர் நடுவில் ஓடிப் பறிக்கிற ஆட்டம் போதும். 12 பேருக்கு இரண்டு சதுரம். பயிற்றுநர் நடுவே ஒரு தடவை நிறுத்தி, "மகன், பந்து வர முந்தி எங்க பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு விலகி நின்றால், அந்த ஒரு கேள்வி ஆறு நிமிடப் பிரசங்கத்தை விடப் பெறுமதி.

பன்னிரண்டு பேர் என்று சொன்ன இடத்தில் பதினொரு பேர் வருவார்கள். அதற்கும் ஆயத்தம் வேண்டும்: ஐந்துக்கு ஐந்து, மிஞ்சுபவர் பந்து வைத்திருக்கும் அணியோடு சேர்ந்தாடுவார். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் கொழும்பில் இடி முழங்கினால் செஷனை நிறுத்திப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோவதே சரியான விடை. நோன்பு மாதத்தில் புதுக்கடைப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிடத் திட்டம் போட்டு வருபவருக்கு ஊர் தெரியாது. மொழியும் அப்படித்தான். மேசையில் ஆங்கிலம் கேட்பார்கள். புல்லில் தமிழும் சிங்களமும் கலந்து ஓடும். "உங்கட பேர் என்ன?" என்று கேட்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சான்றிதழ் கேட்கிற இடங்களும் உண்டு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் 'டி', 'சி' என்று தொடங்கி மேலே போகிற அந்தப் படிகளுக்கு, நமது சம்மேளனத்தின் நிர்வாகச் சண்டையும் ஒருமுறை குறுக்கே நின்றது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியபோது, ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் நடத்தும் பயிற்சி நெறிகளின் பயனும் சேர்ந்தே நின்றது. ஓகஸ்டில் தடை நீங்கியது. பதவிக்காக அடிபட்டவர்கள் ஒருபுறம் இருக்க, அந்த மாதங்களை இழந்தவர்களில் வேலை தேடி நின்ற இளம் பயிற்றுநர்களும் அடக்கம்.

செஷன் முடிந்ததும் வியர்வை காயுமுன் ஒரு கேள்வி வரும்: "திரும்ப எடுத்தா எதை மாத்துவீங்க?" "எல்லாம் நல்லாப் போச்சு சேர்" என்பது வழக்கமான பதில். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. "அந்தப் பச்சை பிப் போட்ட பிள்ளை கன நேரமாப் பந்தே தொடல்ல சேர். சதுரம் பெரிசாப் போயிட்டுது, ரெண்டு அடி உள்ளுக்கு எடுத்திருக்கணும்" என்று சொல்பவரிடம்தான், எப்போது வேலைக்கு வரலாம் என்று கேட்பார்கள்.