நீரில் நிற்கும் நுண்மணிகள்

‘நானோ’ என்னும் பெயர் தாங்கிய சரக்குகள் கடைகளில் தற்போது மிகுந்து வருகின்றன. அப்பெயர் வஸ்துவைக் குறிப்பதன்று. அளவை மாத்திரம் குறிப்பது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராம். ஆதலின், பெயரைக் கண்டு வாங்காமல், உள்ளிருக்கும் வஸ்து யாதெனக் கேட்டறிதல் குடியானவர்களின் கடமையாகும்.

உப்பு, கல்லாயினும் பொடியாயினும் வெண்மையே. ஆனால் மின்சாரத்தை ஓரளவே கடத்தும் அரைக்கடத்திகள் சில நானோமீட்டராகச் சிறுத்தால் நிறமே மாறிவிடும். மணிக்குள் எலக்ட்ரான் நெருக்குண்பதால், அதைக் கிளப்ப அதிக சக்தி வேண்டும். அதிக சக்தியுள்ள ஒளி நீலத்தைச் சார்ந்தது. புறஊதாக் கதிர் பட்டால், காட்மியம் ஸெலினைடின் 2 நானோமீட்டர் மணி நீலமாகவும், 6 நானோமீட்டர் மணி சிவப்பாகவும் ஒளிரும். இவ்வியல்பை எகிமோவ் 1981-இல் கண்ணாடியிலும், புரூஸ் 1983-இல் திரவத்திலும் கண்டனர். ஒரே அளவான மணிகளைச் செய்யும் முறையை 1993-இல் வகுத்த பவெண்டியுடன், இவ்விருவரும் 2023-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இம்மணிகளை நீரிலே செய்வதும் உண்டு. காட்மியம் அல்லது துத்தநாக உப்பைக் கரைத்து, தயோகிளைக்காலிக் அமிலம் சேர்த்துக் காரமாக்கி, ஸோடியம் ஸல்பைடு விடுவர். அவ்வமிலத்தின் கந்தக முனை மணியைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை நீரை நாடும். அதனால் மணிகள் பருத்து அடியில் படியாமல் நீரில் நிற்கும். எவ்வொளியை அவை விழுங்குகின்றன என்று கருவியால் பார்த்து அளவை மதிப்பிடுவர். செம்பு, பாதரசம் போன்றவை கலந்த நீரில் சிலவகை மணிகளின் ஒளி மங்கும். அம்மங்கலைக் கொண்டு அசுத்தத்தை அளக்கலாம்.

எனினும், காட்மியம் கொடிய விஷம். நெற்பயிர் அதனை மண்ணிலிருந்து உறிஞ்சித் தானியத்தில் சேர்க்கும். ஜப்பானில் ஜின்ஸூ ஆறு பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர் எலும்பு நொந்து வருந்தினர். காட்மியமே காரணமென 1968-இல் அந்நாட்டு அரசாங்கம் ஏற்றது. அனுப்பம்பட்டுப் பக்கத்து வயல்களிலும் வாய்க்கால்களிலும் விழுவது அங்கேயே தங்கிவிடாது. நீரோடு கழிமுகத்துக்கும் சென்று, மீன்பிடிப்போர் பிழைப்பையும் கெடுக்கும்.

துத்தநாகக் குறைவுள்ள நெல்வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக ஸல்பேட்டு இடுவதே அனுபவத்தில் தேர்ந்த முறை. வஸ்துவின் பெயர் குறியாத புட்டிகளை வாங்கலாகாது. அத்தகையன விற்கப்படின், கிராம அதிகாரிகள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு உடனே தெரிவிப்பார்களாக.