உள்ளங்கை வேர்வைக்கு நரம்பு ஆபரேஷன்: முடிவெடுக்கும் முன்னாடி

காரைக்கால்ல இருந்து பேசுறேன். நம்ம ஊர்ல வேர்க்கிறது ஒரு செய்தியே இல்ல. ஆனா ஏ.சி. ரூம்ல சும்மா உக்காந்திருக்கும்போதே உள்ளங்கையில சொட்டுச் சொட்டா வேர்த்தா? பரீட்சைத் தாள் நனையுது, போன் விரல்ரேகையை ஏத்துக்க மாட்டேங்குது, கை குலுக்கவே கூச்சம். இதுக்குப் பேர் ஹைப்பர்ஹைட்ரோசிஸ். "கேம்பஸ் இன்டர்வியூ வருது ப்ரோ, அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாமா?" இதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல, ஏன் வேர்க்குது? முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், மணிமாலை மாதிரி ஒரு நரம்புச் சங்கிலி ஓடுது. அதுதான் சிம்பதெடிக் நரம்பு. பயம், பதற்றம் வந்தா அது வேர்வைச் சுரப்பிக்கு 'சுர'ன்னு சொல்லும். விரல் ரத்தக்குழாய்க்கு 'சுருங்கு'ன்னு சொல்லும். அதனாலதான் இவங்க கை பல நேரம் ஈரமாவும் இருக்கும், சில்லுனும் இருக்கும்.

ஆபரேஷன் அந்தச் சங்கிலியில கை வைக்குது. முழு மயக்கம் கொடுத்து, அக்குள் பக்கம் ஒன்றிரண்டு சின்னத் துளை போட்டு, நுரையீரலைக் கொஞ்சம் சுருங்க வச்சு, கேமரா வழியா பார்த்து நரம்பை வெட்டுவாங்க, சுடுவாங்க அல்லது க்ளிப் போடுவாங்க. உள்ளங்கைக்குப் பொதுவா மூணாவது அல்லது நாலாவது விலா எலும்பு மட்டம். பெரும்பாலானவங்களுக்குக் கை உடனே காஞ்சு, கதகதப்பா ஆகிடும்.

அப்புறம் என்ன யோசனை? வேர்வை இடம் மாறும். முதுகு, வயிறு, தொடைன்னு வேற இடத்துல கொட்டலாம். ஈடுகட்டும் வேர்வைன்னு சொல்லலாம். பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு ஏதோ ஓர் அளவுல இது வரும்னு பல ஆய்வுகள் சொல்லுது. பலருக்கு லேசா, சிலருக்கு ஒரு நாளைக்கு மூணு சட்டை மாத்துற அளவுக்கு. யாருக்கு எவ்வளவு வரும்னு முன்கூட்டியே உறுதியா சொல்ல முடியாது. வெயிலும் புழுக்கமும் இதைக் கூட்டும். அப்ப நம்ம கடற்கரை ஊர்ல மே மாசம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. தைவான் 2004-ல் 20 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு இந்த ஆபரேஷனையே தடை செஞ்சது.

"க்ளிப்பை எடுத்துட்டா சரியாகிடுமே?" சிலருக்குக் குறையலாம், உத்தரவாதம் இல்ல. நம்ம மொழியில சொன்னா, பேக்கப் இல்லாம நேரா ப்ரொடக்ஷன்ல டெலீட் பண்ற மாதிரி. அரிதா கண் இமை தொங்குறது, நுரையீரலைச் சுத்திக் காத்து தேங்குறது மாதிரி சிக்கலும் வரலாம்.

சரி, விரல் வெளுத்து, நீலமாகி, வலிக்கிற ரத்த ஓட்டப் பிரச்சனைக்கு? மோரிஸ் ரேனோ 1862-ல் விவரிச்ச ரேனோ நோய்க்கும் இதைச் செய்றாங்க. ஆனா பலருக்குக் கொஞ்ச காலத்துல அறிகுறி திரும்பிடுது. அதனால குளிர்ல இருந்து கையைக் காப்பாத்துறது, நிஃபெடிபின் மாதிரி மாத்திரை, இதுக்கெல்லாம் அப்புறம்தான் ஆபரேஷன். பீடி, சிகரெட்டால வர்ற பர்ஜர் நோய்னா புகையிலையை விடுறதுதான் முதல் மருந்து. அதை விடாம நரம்பை மட்டும் வெட்டிப் பிரயோஜனம் இல்ல.

கை வேர்வைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு படி இருக்கு:

1. ராத்திரி தடவுற அலுமினியம் குளோரைடு.
2. தண்ணி ட்ரேயில கையை வச்சு லேசான மின்சாரம் விடுற அயான்டோஃபோரசிஸ்.
3. போடாக்ஸ் ஊசி. சில மாசம் தாங்கும், உள்ளங்கையில வலிக்கும்.
4. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை. வாய் வறளும். உடம்பு முழுக்க வேர்வை குறையறதால வெயில்ல உடம்பு சூடேறாம பார்த்துக்கணும். டாக்டர் சொல்லாம எடுக்காதீங்க.

இன்னொண்ணு: தூக்கத்துலயும் வேர்க்குது, எடை குறையுது, நெஞ்சு படபடக்குதுன்னா கதையே வேற. தைராய்டு, சர்க்கரை, காசநோய்னு முதல்ல பரிசோதிக்கணும்.

அப்ப அந்தக் கேள்விக்கு என் பதில்: இன்டர்வியூ ஒரு நாள், முதுகு வேர்வை வாழ்நாள் முழுக்க இருக்கலாம். முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க. எல்லாப் படியும் முயற்சி பண்ணியும் முடியலன்னா, மார்பு அறுவை சிகிச்சை நிபுணர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "எந்த மட்டத்துல வெட்டுவீங்க? உங்க நோயாளிகள்ல எத்தனை பேருக்கு வேர்வை இடம் மாறுச்சு?" தெளிவா பதில் வந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க.