மூன்று கார்டுகளும் ஒரு சனிக்கிழமையும்

டிசம்பர் 31, 2023. மான்ட்ரியாலில் சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் கியூபெக் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். பஜ்ஜியும் டீயும் முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். டாரோ கார்டுகள். "புது வருஷத்துல என்ன செய்யணும்னு இதை வெச்சுத்தான் யோசிப்பேன். நீயும் பாரேன்" என்றாள்.

சமையலறையிலிருந்து என் கணவர் சிரித்தார். "மாஸ்டர்ஸ் படிச்சவ கிளி ஜோசியம் பாக்குறா!"

அவர் சொன்னதில் தப்பில்லை. கும்பகோணத்தில் சின்ன வயதில் அம்மாவோடு கிளி ஜோசியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கிளி கூண்டைவிட்டு வரும், ஒரு சீட்டை எடுத்துப் போடும், நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வரப்போவதை ஜோசியர் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். தோழியின் விதி வேறு. "என்ன நடக்கும்னு கேக்காதே. மூணே கேள்விதான். எதை விடணும், எதைக் காப்பாத்தணும், எதைத் தொடங்கணும்? படத்துல உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

டாரோ பிறந்ததே விளையாட்டுக்காகத்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டு அது. பிரான்ஸில் இன்றும் ஆடுகிறார்கள். 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்பவர், இது பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதினார். ஆதாரம் ஏதுமில்லை. ஆனாலும் அந்தக் காலத்திலிருந்துதான் இது குறி பார்க்கும் சீட்டாகப் பிரபலமானது. இப்போது பலரும் வைத்திருக்கும் 78 கார்டுகள் கொண்ட கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. திட்டம் ஆர்தர் வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை.

முதல் கார்டு. பத்துக் கழிகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு, முகமே தெரியாமல் குனிந்து நடக்கும் ஒரு மனிதன். "இது என் ஆபீஸ்!" என்று சிரித்துவிட்டேன். மூன்றாவதில் ஒரு தொழிலாளி பெஞ்சில் உட்கார்ந்து காசுகளைச் செதுக்குகிறான். பாதியில் விட்ட பிரெஞ்சு வகுப்பு ஞாபகம் வந்தது.

நடுவில் வந்த கார்டில்தான் சிரிப்பு நின்றது. பனிமலை உச்சியில், கையில் விளக்கோடு தனியாக நிற்கும் ஒரு கிழவர். துறவி என்பது அந்தக் கார்டின் பெயர். எனக்குத் துறவி தெரியவில்லை, அப்பா தெரிந்தார். அம்மா போன பிறகு கும்பகோணத்து வீட்டில் அவர் மட்டும்தான். வாரத்தில் ரெண்டு தடவை, பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிஷம் பேசுவேன். "சாப்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "மாத்திரை?" "போட்டாச்சும்மா." அவ்வளவுதான்.

இது கார்டின் சக்தியா? நான் நம்பவில்லை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர், தன் மாணவர்களுக்கு அவரவர் குணத்தைப் பற்றிய கணிப்பு என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்தான். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26! பத்துக் கழி படமும் அப்படித்தான், எந்த சாஃப்ட்வேர் எஞ்சினியருக்கும் பொருந்தும். ஆனால் அந்தக் கிழவரைப் பார்த்ததும் நான் வேறு யாரையும் நினைக்கவில்லையே. எனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்தது.

அன்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன். "அப்பாவோட நிறைய பேசணும்" என்று எழுதினால் ஜனவரி 10க்குள் மறந்துபோகும் என்று தெரியும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் திட்டம் வைத்தால் நிறைவேற வாய்ப்பு அதிகம் என்று காட்டியிருக்கிறார். அதனால் இப்படி எழுதினேன்: சனிக்கிழமை காலை 8 மணிக்கு காபி கலந்ததும், சமையலறை மேஜையில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ கால். அங்கே மாலை ஆறரை, அவர் டிவி முன்னால் இருக்கும் நேரம்.

ஏழு மணிக்கு மேல் லேப்டாப் திறப்பதில்லை என்ற தீர்மானம் பிப்ரவரியிலேயே போய்விட்டது. பிரெஞ்சு ஒரு நிலை முடித்தேன். சனிக்கிழமை மட்டும் நின்றது.

மார்ச்சில் ஒருநாள் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் படித்தார், பெயரைத் தப்பாகப் படித்தார். "கண்ணு சரியா தெரியலையாப்பா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆறு மாசமாவே மங்கலாத்தாம்மா இருக்கு. அவ்வளவு தூரத்துல இருக்கே, உனக்கு எதுக்குக் கவலைன்னு..." இரண்டு கண்ணிலும் புரை. ஐந்து நிமிஷ கால்களில் அவர் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். ஏப்ரலில் இரண்டு வாரம் லீவு போட்டுப் போய் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடித்துவிட்டு வந்தேன்.

நான் அங்கே இருந்தபோதுதான் டிவியில் ஒரு செய்தி. கடலூர்த் தொகுதியில் போட்டியிட்ட இயக்குநர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி வெற்றி என்று பலன் சொல்ல, கிளியைக் கூண்டில் வைத்திருந்ததற்காக ஜோசியரை வனத்துறை பிடித்துக்கொண்டு போனது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஜூன் 4 தேர்தல் முடிவு வந்தது. அந்த வாரச் சனிக்கிழமை அப்பா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, தானே படித்துச் சொன்னார்: "கிளி சொன்னது பலிக்கலம்மா, காங்கிரஸ்தான் ஜெயிச்சிருக்கு."

நீங்களும் செய்து பார்க்கலாம். டாரோ கட்டே வேண்டும் என்பதில்லை; பழைய குடும்ப ஆல்பத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று படங்கள் எடுத்தாலும் போதும். விட வேண்டியது, காப்பாற்ற வேண்டியது, தொடங்க வேண்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதில் கிழமையும் மணியும். தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று யாராவது ஆன்லைனில் ஆரம்பித்தால் உடனே மூடிவிடுங்கள்.

இந்த டிசம்பர் 31க்கும் தோழி வருகிறாள். இந்தத் தடவை தனக்கும் மூன்று கார்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என் கணவர்.