சண்டைமீனின் வயிற்று வீக்கமும் அதற்குரிய பரிகாரமும்

வீடுகளிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் மீன்களுள் பெற்றா எனப்படும் சண்டைமீன் பலராலும் விரும்பப்படுவதாகும். தாய்லாந்தின் நெல்வயல்களும் ஆழமற்ற சதுப்பு நிலங்களும் இதன் தாயகமாகும். 1910ஆம் ஆண்டிலே இரீகன் என்னும் விலங்கியலறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். 2019ஆம் ஆண்டிலே தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகப் பிரகடனஞ் செய்தது. இலங்கையிலும் அலங்கார மீன் வளர்ப்போர் இதனைப் பெருக்கி விற்று வருகின்றனர்.

இம்மீன் ஒருநாட் காலையில் வயிறு பருத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கக் கண்டால் வளர்ப்போர் கலக்கமடைவது இயல்பே. உடனே கண்ட மருந்துகளையெல்லாம் தொட்டியில் இடுவோர் உளர். பசியினால் மெலிந்ததென்று எண்ணி மேலும் இரை இடுவோரும் உளர். இவ்விரண்டும் மீனுக்குக் கேடு விளைப்பனவே. வீக்கம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதன் பின்னரே பரிகாரந் தேடுதல் தகும்.

நோயை இனங்காணல்

மீனை மேலிருந்து நோக்குதல் வேண்டும். வயிறு பருத்திருப்பினும் செதில்கள் உடலோடு ஒட்டிப் படிந்திருக்குமாயின், அது பெரும்பாலும் மிகையுணவினாலோ மலச்சிக்கலினாலோ உண்டானதாகும். இத்தகைய மீன் எச்சங் கழிக்காது. கழிப்பினும் சிறிதளவே கழிக்கும். வீங்கிய குடல் நீந்துபையை நெருக்குவதனால் மீன் நிலைதவறி மிதக்கும், அல்லது அடியிலே கிடக்கும்.

செதில்கள் அன்னாசிப்பழத்தின் கண்களைப்போல நிமிர்ந்து நிற்குமாயின் அது வேறு நோயாகும். சிறுநீரகம் பழுதுற்று உடலினுள் நீர் தேங்குவதையே அது காட்டுகின்றது. கண்கள் பிதுங்குதலும் பூக்கள் வெளிறுதலும் இதனுடன் காணப்படலாம்.

பெண்மீனின் வயிறு சினையினாலும் பருக்கும். வயிற்றின் கீழே வெண்ணிறமான சிறு புள்ளி துருத்தி நிற்க, மீனும் சுறுசுறுப்பாக நீந்தி இரை கொள்ளுமாயின் பரிகாரம் வேண்டியதில்லை.

வீக்கம் உண்டாகுங் காரணம்

சண்டைமீன் புழுபூச்சிகளை உண்டு வாழும் இனம். அதன் இரைப்பை மிகச் சிறியது. கடையில் விற்கும் உலர்ந்த இரைமணிகள் நீரை உறிஞ்சி உப்புந் தன்மையுடையன. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிடி இரை இடுவாராயின், மீனோ இட்டதையெல்லாம் விழுங்கிவிடும். அன்பினால் இட்ட இரையே நோய்க்குக் காரணமாகின்றது.

நீர் குளிர்ந்திருப்பதும் மற்றொரு காரணமாகும். இம்மீனுக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரையாகும். அதிலுங் குறையுமிடத்துச் சமிபாடு மந்தமடையும். நுவரெலியா, பண்டாரவளை போன்ற மலைநாட்டு ஊர்களில் வளர்ப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

முதற் பரிகாரம்

செதில் படிந்த வீக்கத்துக்கு முதல் மருந்து பட்டினியே. இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு யாதோர் இரையும் இடலாகாது. உடல்நலமுள்ள முதிர்ந்த மீன் சில நாள் உணவின்றி இருப்பதனால் தீங்கடையாது. ஆகவே இரக்கப்பட்டு இடையில் இரை இடுதல் தவறாகும்.

இக்காலத்தில் நீரின் வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, 26 முதல் 28 பாகை வரையில் நிலைநிறுத்துதல் நன்று. ஒருநாள்விட்டு ஒருநாள் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுதல் வேண்டும். புதுநீர் தொட்டி நீரின் வெப்பநிலையை ஒத்திருத்தல் அவசியம். குழாய் நீராயின் குளோரீன் நீக்கியபின்னரே ஊற்றுதல் வேண்டும். சண்டைமீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையுஞ் சுவாசிப்பது. நோயுற்ற மீன் மேலெழ இடர்ப்படுமாதலால் நீரின் ஆழத்தைக் குறைத்து வைத்தல் உதவியாகும்.

பட்டினி முடிந்தபின் நீர்த்தெள்ளுகளைச் சிறிதளவு இடலாம். அவற்றின் சமிக்காத புறவோடு குடலைத் தூண்டி மலத்தைக் கழிக்கச் செய்யும். அவித்த பட்டாணி இடுவாரும் உளர். ஆயினும் பூச்சியுண்ணும் இம்மீனுக்கு நீர்த்தெள்ளே ஏற்றது.

நுளம்புக் குடம்பிகளும் இம்மீனின் இயற்கை உணவே. எனினும் அவற்றைப் பெறும்பொருட்டு வீட்டில் நீரைத் தேங்கவிடுதல் ஆகாது. டெங்குக் காய்ச்சல் பரவுவதற்கு அது ஏதுவாகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளித்தல் குற்றமுமாகும்.

எப்சம் உப்பு

பட்டினியால் வீக்கந் தணியாவிடின் எப்சம் உப்பைப் பயன்படுத்தலாம். மக்னீசியம் சல்பேற்று என்பதும் இதுவே. 10 இலீற்றர் நீருக்கு மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பு போதுமானது. அதனை வேறொரு பாத்திரத்தில் நன்றாகக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். நீர் மாற்றும்போது, மாற்றிய நீரின் அளவுக்கு மாத்திரமே மீண்டும் உப்பிடல் வேண்டும்.

மருந்துக் கடையில் விற்கப்படும் தூய உப்பே இதற்கு உரியது. பயிருக்கு இடும் மக்னீசிய உரத்தை மீன்தொட்டியில் இடலாகாது. கறியுப்பு எப்சம் உப்பின் வேலையைச் செய்யமாட்டாது.

செதில் நிமிர்ந்தால்

செதில் நிமிர்ந்த மீனைத் தாமதமின்றி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதற்கெனத் தனி வலையை உபயோகித்தல் வேண்டும். இந்நிலைக்குப் பற்றீரியாத் தொற்று முதலாய பல காரணங்கள் உளவாதலால் மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். வீட்டில் எஞ்சிய மனித மருந்துகளை நீரில் இடுதல் கூடாது. அளவறியாது இடும் மருந்து நோயைத் தீர்க்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றவே அது வழிசெய்யும்.

இந்நிலையை அடைந்த மீன்களுட் பிழைப்பன சிலவே. பிழைக்குமென்ற நம்பிக்கையில்லாதவிடத்து, மீன் வருந்தாமல் உயிர்நீக்கும் முறையையும் வைத்தியரிடமே கேட்டறிதல் தகும். உயிருள்ள மீனைக் கழிவுநீர்க் குழியில் எறிதல் கொடுமையாகும்.

வருமுன் காத்தல்

நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சிறு இரைமணிகள் இட்டால் போதும். வாரத்தில் ஒருநாள் இரை நிறுத்துதல் நன்று. இரை இடும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்றல் வேண்டும். சிறுவரிடம் ஒப்படைப்பின், அன்றைய இரையை எண்ணிக் கையிற் கொடுத்தல் நலம். எஞ்சிய இரையை உடனே அகற்றாவிடின் அது அழுகி நீரில் அமோனியா நஞ்சைப் பெருக்கும்.

சிறு போத்தலில் மீனை நெடுநாள் வைத்தல் ஆகாது. 10 இலீற்றருக்குக் குறையாத நீர் அதற்கு வேண்டும். நாள்தோறும் இரை இடுமுன் மீனின் வயிற்றையும் செதிலையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். வீக்கம் தொடங்கிய அன்றே கண்டு இரையை நிறுத்துவோர், மருந்தின் உதவியின்றியே பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிக் கொள்ளலாம்.